உரக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் எந்த மென்பொருள்?

களுவாஞ்சிகுடியில் உரமும் கிருமிநாசினியும் விற்கும் கடை ஒன்றையும், மண்டூர்ப் பக்கம் சின்ன அரிசி ஆலை ஒன்றையும் அப்பாவிடமிருந்து பொறுப்பெடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொழும்புக் கம்பனி ஒன்று, செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த மென்பொருள் என்று சொல்லி மாதம் 25 டொலர் கேட்கிறது. ஊரில் கணினி படித்த பெடியன் ஒருவர் இரண்டு லட்சத்துக்கு ஒரேயடியாகச் செய்து தருகிறேன் என்கிறார். எதை எடுக்கலாம்? வட்ஸ்அப்பில் விவசாயிகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் வசதியும் வேண்டும். அப்பா கொப்பியே போதும் என்கிறார்."

தம்பி, எதை எடுப்பது என்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் கடன் கொப்பியில் போன பெரும்போகத்துப் பக்கங்களில் ஒரு ஐம்பதை, அதை எழுதியவரையே பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசியுங்கள். மட்டக்களப்பு தொடக்கம் அக்கரைப்பற்று வரை கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கும் வேலையில் 18 வருடமாக இருக்கிறேன். வாங்கிய மென்பொருளை மூன்றாம் மாதமே மூடிவைத்த கடைகள் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அவற்றில் பெரும்பாலானவற்றில் மென்பொருளில் பிழை இருக்கவில்லை. அந்தக் கடையில் வியாபாரம் உண்மையில் எப்படி நடக்கிறது என்று அதைச் செய்தவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லக்கூடியவர் கொப்பி எழுதியவர் ஒருவரே.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு உரக்கடையில் அப்படி ஒருநாள் உட்கார்ந்தேன். நீளக் கொப்பி, ஓரமெல்லாம் யூரியாத் தூசி பட்டு வெளுத்திருந்தது. ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்காரரின், பக்கத்தில் "யூ 6 முல்லை" என்று இருந்தது. அந்த 6க்கு மேலே வட்டமிட்ட ஒரு 1. அடுத்த வரியில் "உழவு 8,000 நாம்". அதற்குக் கீழே, மூன்று மாதம் கழித்து வேறு பேனையில், "நெல் 11, ஈரம் 2". கணக்கப்பிள்ளை ஐயாதான் விளங்கப்படுத்தினார். போடியாரின் கணக்கில், அவரின் வயலைச் செய்யும் முல்லைக்காரர் வந்து ஆறு மூடை யூரியா ஏற்றிப்போனார். ஒன்று திரும்பி வந்தது. உழவுக்கூலியைப் போடியாருக்காகக் கடையே கொடுத்தது. வேளாண்மை வெட்டியதும் காசுக்குப் பதிலாகப் பதினொரு மூடை நெல் வந்தது. ஈரத்துக்காக அதில் இரண்டு கழிக்கப்பட்டது. மிச்சம் சிறுபோகத்துக்குத் தள்ளப்பட்டது.

மூன்று வரிக்குள் கடன் விற்பனை, திரும்பிய சரக்கு, கைமாற்றுக் காசு, பொருளால் அடைத்த கடன், தள்ளிய நிலுவை என்று ஐந்து விதமான கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. சாதாரண பில் மென்பொருளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: பொருள் போனது, காசு வந்தது. இந்த ஐந்தையும் பதியவேண்டி வரும்போது கடைப்பிள்ளை அதை ஒரு துண்டில் எழுதி லாச்சியில் போடுவார். துண்டுகள் நாற்பது சேர்ந்ததும் கணினிக் கணக்கும் கைக்கணக்கும் பிரியும். அதற்குப் பிறகு அந்தக் கணினியை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஆலைக் கணக்கு இதைவிடக் கஷ்டமானது. கடையில் ஒரு பொருளை வாங்கி அதே பொருளை விற்கிறீர்கள். ஆலையில் நெல் உள்ளே போய் அரிசி, குறுணல், தவிடு, உமி என்று நாலாக வெளியே வருகிறது. 100 கிலோ நெல்லில் உமி ஏறத்தாழ 20 கிலோ, தவிடு 8 முதல் 10 கிலோ, மிச்சம்தான் அரிசியும் குறுணலும். இது இனத்துக்கு இனம், புழுக்கியதா பச்சையா என்பதற்கு ஏற்ப மாறும். வாங்கும்போது நிறுத்த எடை களஞ்சியத்தில் நிற்பதும் இல்லை. 20 வீத ஈரத்தில் வாங்கிய 1,000 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் 930 கிலோதான். ஈரத்தை அறியாத மென்பொருள் அந்த 70 கிலோவை "குறைவு" என்று சிவப்பில் காட்டும். பார்க்கிற முதலாளி களஞ்சியத்துப் பையனைச் சந்தேகிப்பார்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பிரித்தானிய தபால் துறை 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் பொருத்தியது. அதில் இருந்த பிழைகள் கிளைக் கணக்குகளில் இல்லாத காசுக்குறைவைக் காட்டின. கணினி பிழைவிடாது என்று மேலிடம் சாதித்ததால் 900க்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் திருட்டு, மோசடி என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிறைக்குப் போனவர்களும் உண்டு. 2024இல் தனிச் சட்டம் கொண்டுவந்துதான் அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக நீக்கினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அப்படி. உங்கள் ஆலையில் கணினி குறைவு காட்டினால், ஆளைக் கேட்பதற்கு முன் தராசையும் ஈரமானியையும் பாருங்கள்.

சரி, கொப்பி வாசித்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பது பக்கத்தில் ஆகச் சிக்கலான பத்தைத் தெரிவுசெய்து படம் எடுங்கள். கம்பனி ஆளையும் ஊர்ப் பெடியனையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கை மூடச் சொல்லிவிட்டு, "இந்தப் பத்தையும் என் கண்முன்னே பதிந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். கம்பனியின் மாதிரிக் கணக்கில் எல்லாமே அழகாக ஓடும். அது அதற்காகவே செய்தது. உங்கள் பக்கங்களைப் பதியும்போதுதான் "இது அடுத்த பதிப்பில் வரும்" என்ற பேச்சு வரும். அடுத்த பதிப்பில் வருவதை விலைக்கு எடுக்காதீர்கள்.

அதே இருப்பில் தமிழையும் சோதித்துவிடுங்கள். திரையில் தமிழ் தெரிந்தால் போதாது. உங்கள் பில் மெசினில் "கொக்கட்டிச்சோலை" என்று ஒரு சொல்லை அச்சிட்டுப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, புள்ளி எல்லாம் அதில் வந்துவிடும். கொம்பு தனியே ஒரு பக்கம் நிற்க, இடையில் வட்டம் விழுந்தால் அந்த மெசினோ மென்பொருளோ சரிவராது. எழுத்துரு என்ன என்றும் கேளுங்கள். நம் பக்கத்தில் இன்னும் பாமினியில் பதிந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாமினியில் பதிந்த பெயர் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் கோவைதான். எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் அது வாசிக்க முடியாத குப்பையாக நிற்கும், தேடினாலும் கிடைக்காது. எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோட் முறை இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெயரை ஆங்கிலத்தில் பதிந்துவிடலாமே என்பார்கள். கணபதிப்பிள்ளை என்ற பெயரை நாலு பேரிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள், நாலு விதமாக வரும். ஒரே ஆளுக்கு நாலு கணக்குத் திறந்து, கடன் நாலாகச் சிதறிக்கிடந்த கடையை நான் பார்த்திருக்கிறேன். அடையாள அட்டை இலக்கத்தால் பிரிக்கலாம் என்றால், 9 இலக்கத்தோடு எழுத்து வரும் பழைய அட்டையும், 2016இல் வந்த 12 இலக்கப் புது அட்டையும் ஒரே ஆளிடம் இருக்கும். தொலைபேசி இலக்கத்தையும் ஊரையும் சேர்த்து அடையாளமாக வைப்பது நம் கடைகளுக்குச் சரிவருகிறது.

இப்போது நான் ஆக அழுத்திச் சொல்ல விரும்புவது. உள்ளே போகும் வழியை எல்லாரும் காட்டுவார்கள். வெளியே வரும் வழியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பல வருடத்துக்கு முன் கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில், கட்டடப் பொருள் கடை ஒன்றுக்கு வேறொருவர் செய்து கொடுத்த மென்பொருள் இருந்தது. நல்ல வேலைதான், குறை சொல்லமாட்டேன். செய்தவர் கட்டாருக்கு வேலைக்குப் போனார். ஒருநாள் காலை கணினியைத் திறந்ததும் உரிமக் காலம் முடிந்தது என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அதைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. செய்தவரின் இலக்கம் வேலை செய்யவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். தரவுக் கோப்பு கடவுச்சொல்லால் பூட்டியிருந்தது. ஆறு வருடக் கடன் நிலுவை உள்ளே கிடந்தது. நானும் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் முதலாளி வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உங்களுக்கு எவ்வளவு நிலுவை என்று நினைவிருக்கா?" என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் நேர்மையாகச் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை. அந்தக் கடையின் வாசற்படியில் அவர் கைபேசியை வைத்துக்கொண்டு இருந்த இருப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு யாருக்குப் போட்டுக் கொடுத்தாலும் ஒரு பக்க உடன்படிக்கை எழுதுகிறேன். தரவு கடைக்குச் சொந்தம்; கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் முதலாளியிடம் இருக்கும்; வாடிக்கையாளர் பட்டியல், நிலுவை, சரக்கிருப்பு, பழைய பில்கள் எல்லாவற்றையும் கடைக்காரர் எந்த நாளிலும் தானே எக்ஸலுக்கு எடுக்கலாம். கொழும்புக் கம்பனியானாலும் ஊர்ப் பெடியனானாலும் இதைக் கேளுங்கள். எழுத்தில் மட்டும் வாங்காமல், சோதனை நாளிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு மாதம் ஒருமுறை நீங்களே எடுத்து ஒரு வன்தட்டில் வையுங்கள். அந்த வன்தட்டு கடையில் இருக்கக்கூடாது. 2011 சனவரி வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடங்கள் நம் மாவட்டத்தில் இருந்தன. கணினியும் காப்புப்பிரதியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

விலைக்கு வருவோம். 25 டொலர் சின்னத் தொகையாகத் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதமாகும்போது 360ஐத் தொட்டது. அதே 25 டொலர், 5,000 ரூபாயிலிருந்து இரண்டு மாதத்தில் 9,000 ஆனது. அந்த வருடம் வியாபாரம் படுத்திருந்தபோது கட்டணம் மட்டும் ஏறியது. எனவே ரூபாயில் ஒரு வருட விலையை உறுதிப்படுத்தித் தருவார்களா என்று கேளுங்கள். ஊர்ப் பெடியனின் இரண்டு லட்சமும் முழுச் செலவு அல்ல. வருடாவருடம் பராமரிப்புக்கு எவ்வளவு, கூப்பிட்டால் எத்தனை மணித்தியாலத்தில் வருவார் என்பதைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வரி மாறினால் யார் மாற்றுவது என்றும் கேளுங்கள். வற் வரி 8 வீதமாக இருந்து 2022 யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 சனவரியில் 18 என்று ஏறியது. ஒவ்வொரு தடவையும் தனிக் கட்டணம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். 2024இல் வற் வரிக்குப் பதியவேண்டிய விற்பனை எல்லையும் வருடம் 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. கடையும் ஆலையும் ஒரே பெயரில் என்றால் இரண்டின் விற்பனையும் சேர்த்து எண்ணப்படலாம், உங்கள் கணக்காளரிடம் இதை ஒருமுறை பேசிவிடுங்கள்.

இணையம் இல்லாமல் ஓடுமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மழைக்காலத்தில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இணையம் அறுந்தாலும் பில் போட்டு, வந்ததும் தானே சேர்த்துக்கொள்ள வேண்டும். சோதனை நாளில் ரவுட்டரின் வயரைக் கழற்றிவிட்டு ஒரு பில் போடச் சொல்லுங்கள்.

கொப்பி எழுதும் உங்கள் கணக்கப்பிள்ளை பற்றி ஒரு சொல். புது மென்பொருள் வருகிறது என்றதும் அவர் நினைப்பது இரண்டு: ஒன்று, தன் வேலை போகப்போகிறது, மற்றது, தன்னைப் பிடிக்கத்தான் இதைக் கொண்டுவருகிறார்கள். இதை நீங்கள் வாய்திறந்து பேசாவிட்டால் அவர் மென்பொருளை எதிர்த்து ஒன்றும் சொல்லமாட்டார். மெதுவாகப் பதிவார், அவ்வளவுதான். எதை வாங்குவது என்ற பேச்சிலேயே அவரை இருத்துங்கள். பத்துப் பக்கத்தைத் தெரிவுசெய்வது அவர் வேலையாக இருக்கட்டும். பில் போடும் பிள்ளையையும் சோதனை நாளில் விசைப்பலகைக்கு முன்னால் இருத்துங்கள். கம்பனி ஆள் தட்டும் வேகத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லை மூன்று பேர் பாவித்தால், பிழை வரும்போது மூன்று பேருக்கும் மனவருத்தம்.

செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். நான் அதை நாளாந்தம் பாவிக்கிறேன், எதிரானவன் அல்ல. சிங்களத்தில் வரும் திணைக்களக் கடிதத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால் தமிழில் என்ன விசயம் என்று ஒரு நிமிடத்தில் தெரிகிறது. முன்பு அதற்காக ஒருவரைத் தேடி அலைந்தோம். திகதியையும் தொகையையும் மட்டும் மூலக் கடிதத்தோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன். கொழும்பு மொத்த வியாபாரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும், ஒரே ஆளுக்கு நாலு விதமாகப் பதிந்த பெயர்களைக் கண்டுபிடிக்கவும் நன்றாக உதவுகிறது. இவற்றுக்குப் பொதுவானது ஒன்றுதான்: பிழைவிட்டால் நானே உடனே பார்த்துத் திருத்தலாம். அப்படிப் பார்க்க முடியாத வேலையை நான் கொடுப்பதில்லை. கடன்காரர் பட்டியலை அடையாள அட்டை இலக்கங்களோடு இலவச சேவைகளில் ஒட்டவும் வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அந்தக் கடன் விபரம் உங்களை நம்பித் தந்தது.

கம்பனி சொல்லும் "அடுத்த போகத்துக்கு எவ்வளவு உரம் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும்" வசதிக்கு ஒரு அடிப்படைத் தடை இருக்கிறது. அது பழைய விற்பனையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்களிடம் கணினியில் பழைய விற்பனையே இல்லை. கொப்பியிலிருந்து ஏற்றினாலும், வருடத்துக்கு இரண்டு போகம், ஐந்து வருடத்துக்குப் பத்துத் தரவு. அதிலும் 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள், நவம்பரில் தளர்த்தினார்கள், 2022இல் உரமும் இல்லை டொலரும் இல்லை. அந்த வருடங்களை உண்மையான விற்பனை என்று படித்த பொறி என்ன சொல்லும்? உங்கள் கணக்கப்பிள்ளையும் குளத்து நீர்மட்டமும் சொல்வது இப்போதைக்கு அதைவிட நம்பகமானது. மூன்று நாலு வருடம் ஒழுங்காகப் பதிந்த பிறகு அந்தப் பேச்சை எடுக்கலாம்.

வட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்வது பற்றி எனக்குப் பயம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். உங்கள் கடைக்கு வரும் கேள்வி "கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்பதோடு நிற்காது. "இலை மஞ்சளாகுது, என்ன மருந்து, ஏக்கருக்கு எவ்வளவு?" என்று வரும். பொறி தெரியாததையும் தெரிந்த குரலிலேயே சொல்லும். அளவு பிழைத்தால் ஒரு குடும்பத்தின் ஆறுமாத உழைப்புக் கருகும், அவர் வந்து நிற்பது உங்கள் வாசலில். கனடாவில் எயார் கனடாவின் தானியங்கிப் பதில் பொறி பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றிப் பிழையாகச் சொன்னது. "பொறி சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற விதமாக நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் நட்டஈடு கொடுக்க வைத்தது. வட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் தயார்ப் பதில்களை நீங்களே எழுதி வைக்கலாம். திறக்கும் நேரம், இன்றைய நெல் விலை, எந்த உரம் இருப்பில் உண்டு என்பதற்கு அது போதும். மருந்து, அளவு என்று கேட்டால், போத்தல் லேபிளின் படத்தோடு விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தையும் அனுப்புங்கள், அல்லது நீங்களே எடுத்துப் பேசுங்கள்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில்: இப்போதைக்குச் செயற்கை நுண்ணறிவுப் பொதியை எடுக்க வேண்டாம். கடைக்கு, கடன் கணக்கும் பொருளால் அடைக்கும் கணக்கும் தெரிந்த, ஏற்கெனவே நாலைந்து உரக்கடைகளில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் ஒன்றை எடுங்கள். அந்தக் கடைகளுக்கு நீங்களே போய்ப் பில் போடும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், முதலாளியிடம் அல்ல. ஆலைக்கு, நெல் வரவு, ஈரம், வெளிவந்த அரிசி, குறுணல், தவிடு ஆகியவற்றைப் பதியும் ஒரு எக்ஸல் தாளை ஊர்ப் பெடியனிடம் செய்விக்கலாம். அவருக்கு வேலையும் கிடைக்கும், உங்களுக்குப் பக்கத்தில் ஆளும் இருக்கும். அது ஒரு போகம் ஒழுங்காக ஓடினால் பெரிதாக்கலாம்.

தொடங்கும் நாள் மார்ச் 31 இரவு. வேளாண்மை வெட்டி, நெல் வந்து, பெரும்பாலான கடன் கழிந்து, நிலுவை ஆகக் குறைவாக இருக்கும் நேரம் அது. ஏற்றவேண்டிய பெயர்களும் குறைவு. வரி வருடமும் ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. கார்த்திகை மார்கழியில், உரம் ஏற்ற லொறி வாசலில் நிற்கும்போது தொடங்காதீர்கள். தொடங்கிய பிறகு சிறுபோகம் முடியும்வரை கொப்பியும் நடக்கட்டும். சனிக்கிழமை பின்னேரங்களில் கணக்கப்பிள்ளையோடு இருந்து ஐந்து பெயரை மட்டும் எடுத்து, கணினி நிலுவையையும் கொப்பி நிலுவையையும் ஒப்பிடுங்கள். ஐந்தும் ஒத்துப்போகும் சனிக்கிழமைகள் தொடர்ந்து எட்டு வந்தால், கொப்பியை நிறுத்தலாமா என்று அப்பாவிடம் கேளுங்கள்.